பந்தும் பண்பும்: பல்வங்கர் பாலு வாழ்வும் அது காட்டும் நெறியும்

சம்பா அறுவடை முடிந்து கதிர்க்கட்டுகள் களமேறிய பின்னர், காரைக்கால் வட்டாரத்து வயல்களில் இளைஞர்கள் மட்டையும் பந்துமாகக் கூடுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். நெடுங்காடு, கோட்டுச்சேரி, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் என எத்திசை சென்றாலும் இக்காட்சி உண்டு. வைக்கோல் தாள் நீக்கிய கட்டாந்தரையே ஆடுகளம். மூன்று கழிகளே விக்கெட்டுகள். பொங்கலை ஒட்டியும் அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளை ஒட்டியும் நடைபெறும் போட்டிகளில் நம் சமுதாய இளைஞர்கள் பெருந்திரளாகப் பங்கேற்கின்றனர். இன்றைய ஆட்டக்காரர்களின் பெயர்களும் அவர்கள் குவித்த ஓட்டங்களும் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் இந்திய நாட்டின் முதற் பெரும் பந்துவீச்சாளர் என வரலாற்றாசிரியர்கள் போற்றும் மனிதர், நம்மைப் போன்றே ஒடுக்கப்பட்ட ஒரு வகுப்பில் பிறந்தவர் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

அவர் பெயர் பல்வங்கர் பாலு. நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் அவருடைய வரலாற்றை நம் இளைஞர்கள் முன் வைப்பது பொருத்தமுடையது. ஒன்று, அவர் நம் முன்னோர் வரிசையில் வைத்துப் போற்றத்தக்கவர். மற்றொன்று, விளையாட்டில் நேர்மை என்றால் என்ன என்னும் வினாவிற்கு அவர் வாழ்வைப் போல் தெளிவான விடை தரும் வாழ்வு வேறில்லை.

பிறப்பும் இளமையும்

பாலு 1876-ஆம் ஆண்டில் தார்வாரில் பிறந்தார். அந்நகர் இன்று கர்நாடக மாநிலத்தைச் சார்ந்தது. குடும்பத்தின் பூர்வீகம் கொங்கணக் கரையோரம். அங்குள்ள ஒரு சிற்றூரின் பெயரே பல்வங்கர் என்னும் குடும்பப் பெயராயிற்று. தோல் தொழிலோடு பிணைக்கப்பட்டுத் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட சமார் வகுப்பில் அக்குடும்பம் பிறந்தது. தந்தையார் படைத்துறை சார்ந்த பணியில் இருந்தமையால் பாலுவின் இளமை, இன்று புணே என வழங்கும் புனா நகரில் கழிந்தது. படைமுகாமில் வெள்ளை அதிகாரிகள் பழையதெனக் கழித்த மட்டையும் பந்தும் கொண்டு பாலுவும் அவர் தம்பி சிவராமும் ஆடப் பழகினர். பின்னர்க் கண்பத், விட்டல் என்னும் தம்பியரும் அவ்வழியே வந்து பெயர் பெற்றனர். ஒரே வீட்டில் நான்கு கிரிக்கெட் வீரர்கள் தோன்றியமை அக்காலத்தில் எவ்வகுப்பிலும் அரிதான செய்தியாகும்.

குடும்பத்தின் வறுமை பாலுவைப் படிப்பில் நிலைக்க விடவில்லை. பார்சியர் நடத்திய ஒரு கிரிக்கெட் சங்கத்தில் திடலைப் பெருக்கவும் உருளை இழுக்கவும் வேலைக்குச் சேர்ந்தார். மாதம் மூன்று ரூபாய் சம்பளம். 1892-ஆம் ஆண்டளவில் ஐரோப்பியருக்கே உரிய புனா சங்கத்திற்கு மாறினார். அங்கே நான்கு ரூபாய். உருளை இழுத்தல், கோடு போடுதல், பயிற்சி வலை கட்டுதல் ஆகியவை அவர் கடமைகள். ஓய்ந்த நேரத்தில் ஓர் ஆங்கிலேயர் அவரைப் பந்து வீசச் சொல்லிப் பார்த்தார். இடக்கையால் மெதுவாகவும் திசையையும் தொலைவையும் மாற்றி மாற்றியும் வீசும் அவருடைய திறன் அன்று வெளிப்பட்டது.

மட்டை தொடாத கை

அக்காலத்தில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேய மட்டையாளர்களுள் தலைசிறந்தவர் ஜே. ஜி. கிரெய்க் என்னும் படை அதிகாரி. அவர் நாள்தோறும் மற்றவர்க்கு முன்னதாகவே திடலுக்கு வந்து பாலுவைப் பந்து வீசச் செய்து பயிற்சி பெறுவார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா அளித்தார் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. இவ்வாறு நூற்றுக்கணக்கான மணி நேரம் வீசி வீசிப் பாலுவின் கை பண்பட்டது.

ஆயினும் அவ்வளவு காலத்திலும் அச்சங்கத்தின் பயிற்சி வலையில் மட்டை பிடித்தாட அவருக்கு ஒரு முறையேனும் வாய்ப்பளிக்கப்படவில்லை. மட்டை பிடிப்பது கனவான்களின் உரிமை. பந்து வீசுவது வேலையாளின் கடமை என்பது அன்றைய எண்ணம். இவ்வெண்ணம் இந்திய மண்ணில் மட்டும் விளைந்ததன்று. இங்கிலாந்திலேயே ஊதியம் பெறாது ஆடுவோர் கனவான்கள் என்றும், ஊதியம் பெற்று ஆடுவோர் வெறும் ஆட்டக்காரர்கள் என்றும் பிரிக்கப்பட்டிருந்தனர். இரு சாராருக்கும் உடைமாற்றும் அறைகள் வேறு. திடலில் இறங்கும் வாயில்கள் வேறு. ஆட்டக் குறிப்புத் தாளில் பெயரின் தலைப்பெழுத்துகளைக் கனவானுக்கு முன்னாலும் மற்றவருக்குப் பின்னாலும் அச்சிட்டனர். 1952-இல் லென் ஹட்டன் பொறுப்பேற்கும் வரை அந்நூற்றாண்டில் ஊதியம் பெறும் ஆட்டக்காரர் ஒருவர் இங்கிலாந்து அணியின் தலைவராக முறைப்படி அமர்த்தப்படவில்லை. இப்பிரிவினையே 1962-ஆம் ஆண்டில்தான் ஒழிக்கப்பட்டது.

கிரிக்கெட்டைக் கனவான்களின் ஆட்டம் என்று உலகிற்கு எடுத்துரைத்தவர்களும் இவர்களே. நடுவர் தீர்ப்பை எதிர்த்துப் பேசலாகாது, எதிரியை இகழலாகாது, ஏமாற்றி வெல்லலாகாது என்னும் நல்ல நெறிகளை வகுத்தவர்கள், உடன் ஆடும் மனிதனைச் சமமாக நடத்த வேண்டும் என்னும் முதல் நெறியை மறந்தனர். பாலுவின் வாழ்வு முழுவதும் இம்மறதியோடு நடத்திய போராட்டமே ஆகும்.

திடலில் ஒருமை, தேநீரில் வேற்றுமை

புனா இந்துக்களின் கிரிக்கெட் சங்கம் வெள்ளையர் சங்கத்தை வெல்லத் துடித்தது. வெல்வதற்குப் பாலுவின் பந்துவீச்சு தேவை. ஆனால் அவர் தீண்டத்தகாதவர். சேர்ப்பதா, விலக்குவதா என்று சங்கத்தினரிடையே நீண்ட விவாதம் நடைபெற்றது. இறுதியில் வெற்றியின் ஆசை வென்றது. பாலு அணியில் சேர்க்கப்பட்டார்.

சேர்க்கப்பட்ட விதத்தைக் கேளுங்கள். திடலில் அவர் எறியும் பந்தை உயர்சாதியினர் தயக்கமின்றித் தொட்டனர். ஆட்ட இடைவேளையில் மற்றவர்கள் கட்டடத்தினுள் கோப்பையில் தேநீர் அருந்த, பாலுவிற்கு வெளியே மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. உணவும் தனித் தட்டில், தனி இடத்தில். முகம் கழுவ வேண்டுமாயின் அவர் வகுப்பைச் சார்ந்த பணியாள் ஒருவர் ஒதுக்குப்புறத்தில் நீர் வார்க்க வேண்டும்.

இளைஞர்களே, கிரிக்கெட் பந்து தோலால் ஆனது. தோலைத் தொட்டதற்காகவே தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்ட குலத்தவரின் கையிலிருந்து அத்தோற்பந்து அந்தணர் கைக்குச் சென்றபோது தீட்டு ஒட்டவில்லை. அதே கை ஏந்திய கோப்பையில் மட்டும் தீட்டு ஒட்டியது. தேவைப்படும் இடத்தில் மறைவதும் தேவையற்ற இடத்தில் தோன்றுவதுமான இத்தீட்டின் தன்மையை, தேநீர்க் கடைகளில் கொட்டாங்கச்சியும் இரட்டைக் குவளையும் கண்ட நம் பெரியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அக்காலத்தில் நம் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்பன அவ்வரசின் முழக்கங்கள். எனினும் அம்முழக்கங்கள் ஊருக்கும் சேரிக்கும் இடையிலான வரப்பை அழித்துவிடவில்லை. 1954 நவம்பர் முதல் நாளில் அவ்வாட்சி இந்திய அரசிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னரும் வரப்பு நெடுங்காலம் நின்றது. எழுதிய சொல்லுக்கும் நடத்தைக்கும் உள்ள இடைவெளி எல்லா ஆட்சிக்கும் பொதுவானது என்பதை இதனால் உணரலாம்.

பாலு அப்பந்துவீச்சால் புனா இந்துக்களுக்கு வெற்றி தேடித் தந்தார். சதாரா நகரத்து வெள்ளையர் சங்கத்தை அவர்கள் திடலிலேயே வென்று திரும்பியபோது ஊரே கொண்டாடியது. சமூகச் சீர்திருத்தவாதியும் நீதிபதியுமான மகாதேவ கோவிந்த ரானடே பாலுவைப் பாராட்டியதோடு, சேர்ந்து ஆடுவோர் சேர்ந்து உண்ணவும் வேண்டும் என்று உயர்சாதி ஆட்டக்காரர்களுக்கு அறிவுறுத்தினார். மண்குவளை உடனே மறைந்துவிடவில்லை. ஆனால் அதைக் குறித்து வெட்கம் கொள்ளும் நிலை தொடங்கிற்று.

1906-ஆம் ஆண்டு வெற்றி

பின்னர்ப் பாலு பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். அங்குப் பரமானந்ததாஸ் ஜீவன்தாஸ் இந்து ஜிம்கானா அவரைச் சேர்த்துக் கொண்டது. அங்கும் முணுமுணுப்பு எழாமலில்லை. அதை மீறியே சேர்க்கை நிகழ்ந்தது. இரயில்வே அணிக்காகவும் அவர் ஆடினார்.

1906 பிப்ரவரியில் பம்பாய் ஜிம்கானாத் திடலில் இந்துக்களும் ஐரோப்பியரும் மோதினர். இந்துக்கள் முதல் முறையில் 242 ஓட்டங்கள் எடுத்தனர்; ஐரோப்பியர் 191. இரண்டாம் முறையில் இந்துக்கள் 160. ஐரோப்பியர் 102 ஓட்டங்களில் வீழ்ந்தனர். 109 ஓட்டங்களில் இந்துக்கள் வென்றனர். ஆளும் இனத்தவரை அவர்கள் வகுத்த விதிகளின்படியே, அவர்கள் திடலிலேயே வென்ற செய்தி நாடெங்கும் பரவியது. அவ்வெற்றியில் பாலுவும் சிவராமும் பங்கேற்றனர். புனாவில் திடலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் பம்பாயில் ஏனையோரோடு அமர்ந்து உண்ணும் நிலை வந்ததைச் சுட்டிக்காட்டி, இவ்வெற்றியினும் அம்மாற்றமே பெரிது என அக்காலச் சீர்திருத்த இதழொன்று கருத்துரைத்தது.

1907 முதல் இந்துக்கள், பார்சிகள், ஐரோப்பியர் ஆகிய மூவணிப் போட்டியும், முஸ்லிம் அணி சேர்ந்தபின் 1912 முதல் நாலணிப் போட்டியும் பம்பாயில் நடைபெற்றன. சமய அடிப்படையில் அணி பிரிப்பது முறையா என்னும் வினா பிற்காலத்தில் எழுந்து, 1946-ஆம் ஆண்டோடு அப்போட்டிகள் நின்றன. ஆனால் அன்று இந்தியாவில் மிக உயர்ந்த தரத்து ஆட்டம் அதுவே.

இங்கிலாந்துப் பயணம்

1911-ஆம் ஆண்டில் பட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங் தலைமையில் அகில இந்திய அணி ஒன்று முதன்முறையாக இங்கிலாந்து சென்றது. அணித்தலைவரான மன்னரோ ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாக் காலத்து விருந்துகளிலும் சந்திப்புகளிலும் ஈடுபட்டுப் பெரும்பாலான ஆட்டங்களில் இறங்கவில்லை. பாரமெல்லாம் மற்றவர் தோளில் விழுந்தது. அப்போது பாலுவிற்கு முப்பத்தைந்து வயது. தோளில் வலி இருந்தது.

முதல்தர ஆட்டங்கள் 14. அவற்றுள் இந்திய அணி 2-இல் வென்று, 10-இல் தோற்று, 2-ஐச் சமன் செய்தது. தோல்வி மலிந்த அப்பயணத்தில் பாலு முதல்தர ஆட்டங்களில் மட்டும் 75 விக்கெட்டுகளும், எல்லா ஆட்டங்களையும் சேர்த்து 114 விக்கெட்டுகளும் வீழ்த்தினார். லெஸ்டர்ஷயர் அணிக்கு எதிரான முதல் வெற்றியில் 11 விக்கெட்டுகள் அவருடையவை. சோமர்செட் அணிக்கு எதிரான வெற்றியில் சிவராம் சதம் அடித்தார். ஆக, இரு வெற்றிகளிலும் அவ்வெளிய வீட்டின் பிள்ளைகளே முன் நின்றனர். இங்கிலாந்தின் புகழ்பெற்ற இடக்கை வீச்சாளர் வில்பிரெட் ரோட்ஸுடன் ஒப்பிட்டுப் பாலுவைப் பலரும் பாராட்டினர். அங்கேயே தங்கி ஊதியம் பெற்று ஆடுமாறு அழைப்புகளும் வந்தன. அவர் தாயகம் திரும்பினார்.

திரும்பிய பாலுவிற்குப் பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் திரண்டு வரவேற்பளித்தனர். அவ்விழாவின் வரவேற்பு மடலை எழுதியவர் அப்போது இருபது வயதுக் கல்லூரி மாணவராக இருந்த பீமராவ் அம்பேத்கர் என வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குகா எடுத்துக்காட்டுகிறார். பிற்காலத்தில் நாட்டிற்கே அரசியலமைப்பு வகுத்த கை, இளமையில் ஒரு பந்துவீச்சாளரின் புகழை எழுதியது. அக்காலத்தில் நம் மக்கள் பெருமையோடு சுட்டிக்காட்டக் கூடியவராகப் பாலு விளங்கினார் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மறுக்கப்பட்ட தலைமை

பாலு முதல்தர ஆட்டங்கள் 33-இல் ஆடி 179 விக்கெட்டுகளை வீழ்த்தினார். விக்கெட் ஒன்றிற்குக் கொடுத்த ஓட்டங்கள் சராசரி 15 அளவே. அனுபவத்தாலும் ஆட்ட அறிவாலும் இந்து அணியின் தலைமை அவருக்கு வந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு அது மறுக்கப்பட்டது. ஆட ஒருவன் வேண்டும். ஆணையிட அவன் ஆகான் என்பதே தேர்வாளர்களின் உள்ளக்கிடக்கை.

இங்கே எம். டி. பை என்பவரின் பெயரை நன்றியோடு குறிப்பிட வேண்டும். அவர் உயர்சாதியினர், அணித்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1913-இல் தமக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்திலேயே, இப்பெருமை மூத்தவரான பாலுவிற்கு உரியது என்று அவர் வெளிப்படையாக அறிவித்தார். தமக்குக் கிட்டிய பதவி பிறருக்கு இழைத்த அநீதியால் வந்தது என உணர்ந்து அதை அவையில் ஒப்புக்கொள்வது எளிய செயலன்று. விளையாட்டுப் பண்பு என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

1920-ஆம் ஆண்டில் நெருக்கடி முற்றியது. அவ்வாண்டு பாலு அணியில் சேர்க்கப்படவில்லை. தலைவரான பை நோயுற்று முதல் ஆட்டத்திற்கு வர இயலாதபோது, தகுதி வாய்ந்த விட்டலை விடுத்து உயர்சாதியைச் சார்ந்த மற்றொருவரிடம் தலைமை ஒப்படைக்கப்பட்டது. சிவராமும் விட்டலும் அணியிலிருந்து விலகினர். விலகியதற்குரிய காரணத்தையும் பொதுமக்கள் அறிய அறிக்கையாக வெளியிட்டனர்: தகுதி அடிப்படையில் எவர் தலைமையேற்பினும் தங்களுக்கு மறுப்பில்லை, சாதி அடிப்படையில் தங்களைத் தாழ்த்துவதை ஏற்க இயலாது என்பதே அதன் சாரம்.

அவர்கள் செய்ததையும் செய்யாததையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். அவர்கள் திடலில் இறங்கி வேண்டுமென்றே குறைவாக ஆடவில்லை. பந்தைத் தவறவிட்டுப் பழி தீர்க்கவில்லை. எதிரணியை ஏசவில்லை. ஆடுவதாயின் முழு நேர்மையோடு ஆடுவது. அநீதியைப் பொறுக்க இயலாதாயின் காரணம் கூறி வெளிப்படையாக விலகுவது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட கோணல் வழியை அவர்கள் நாடவில்லை. அது காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கிய ஆண்டு என்பதும், தீண்டாமை குறித்து நாடெங்கும் பேச்சு எழுந்த காலம் என்பதும் நினைவிற்குரியன.

பொதுமக்களின் கருத்து சகோதரர்களின் பக்கம் திரும்பியது. இறுதியாட்டத்திற்குப் பாலு மீண்டும் அழைக்கப்பட்டுத் துணைத்தலைவராக அமர்த்தப்பட்டார். ஆட்டத்தின் நடுவே பை தாமாகவே திடலை விட்டு வெளியேறினார். அந்நேரம் அணியை நடத்தும் பொறுப்பு பாலுவின் கைக்கு வந்தது. நாற்பதைக் கடந்த பின், பிறர் விட்டுக் கொடுத்த சிறு பொழுதிலேனும், அவர் தலைவராக நின்றார்.

அவருக்கு முழுமையாகக் கிட்டாதது தம்பிக்குக் கிட்டியது. 1923-இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். அவ்வாண்டு அவ்வணி கோப்பையை வென்றது. வென்ற தலைவரை உயர்சாதி இளைஞர்கள் தோளில் தூக்கிச் சென்றனர். 1925, 1926 ஆகிய ஆண்டுகளிலும் அவர் தலைமையில் கோப்பை வந்தது. விட்டல் தம் ஆட்ட வாழ்வை 1948-இல் மராத்தியில் நூலாக எழுதி வைத்தமையால் இவ்வரலாற்றின் பெரும் பகுதி அழியாமல் நமக்குக் கிடைத்தது. எழுத்தறிவின் பயனை வலியுறுத்தும் நம் சங்கத்தார் இதனை மறத்தலாகாது.

பொதுவாழ்வும் அண்ணலோடு வேறுபாடும்

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பாலு பொதுவாழ்வில் ஈடுபட்டார். இங்கு நம் இளைஞர்களுக்குச் சங்கடம் தரும் ஒரு செய்தியையும் மறையாது கூற வேண்டும். தனித் தொகுதியா, கூட்டுத் தொகுதியா என்னும் பெரும் வினாவில் பாலு அண்ணல் அம்பேத்கரோடு உடன்படவில்லை. தமிழகத்துத் தலைவர் எம். சி. இராஜாவோடு சேர்ந்து கூட்டுத் தொகுதியை ஆதரித்தார். 1932 செப்டம்பர் 24-இல் கையெழுத்தான புனா ஒப்பந்தத்தில் அண்ணலும், இராஜாவும், இரட்டைமலை சீனிவாசனும், பாலுவும் கையொப்பமிட்டனர். 1937-இல் பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் பாலுவை அண்ணலுக்கு எதிராகவே நிறுத்தியது. அண்ணல் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். பாலு தோற்றார்.

வரவேற்பு மடல் எழுதியவரும் அதைப் பெற்றவரும் எதிரெதிரே நின்றதை எண்ணி வருந்துவோர் உண்டு. நம் நெஞ்சம் அண்ணலின் பக்கமே நிற்கும், அதில் ஐயமில்லை. ஆயினும் பாலு வேறு கட்சியில் நின்றார் என்பதற்காக அவருடைய உழைப்பையும் மானத்தையும் நம் கணக்கிலிருந்து கழித்துவிடுவது நேர்மையாகாது. எதிரணியில் ஆடுபவன் பகைவன் அல்லன் என்பது ஆட்டம் கற்பிக்கும் முதற்பாடம். நம் தெருக்களில் கட்சி வேறுபாட்டால் உறவு முறிந்த குடும்பங்கள் இப்பாடத்தைச் சிந்திக்க வேண்டும்.

1955 ஜூலை 4-ஆம் நாள் பாலு பம்பாயில் மறைந்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் அண்ணலும் மறைந்தார்.

நாம் கொள்ள வேண்டுவன

பாலுவின் வரலாற்றிலிருந்து ஆட்ட நேர்மைக்கு இரு பகுதிகள் உண்டு என அறிகிறோம். பந்தும் மட்டையும் கொண்டு எல்லைக் கோட்டிற்குள் காட்டும் நேர்மை ஒன்று. தேநீர், சாப்பாடு, தேர்வு, தலைமை ஆகியவற்றில் கோட்டிற்கு வெளியே காட்டும் நேர்மை மற்றொன்று. முதலாவதைப் பாலுவிடம் கேட்டவர்கள் இரண்டாவதை அவருக்குத் தரவில்லை. பாலுவோ இரண்டாவது கிட்டாத காலத்திலும் முதலாவதைக் கைவிடவில்லை. முதலாவதைக் காத்ததனால்தான் இரண்டாவதைத் தலைநிமிர்ந்து கேட்கும் தகுதி அவர் குடும்பத்திற்கு வாய்த்தது.

நம் வயல்வெளி ஆட்டங்களை எண்ணிப் பாருங்கள். அங்குச் சம்பளம் பெறும் நடுவர் இல்லை. மட்டை பிடிக்கும் அணியைச் சார்ந்தவரே நடுவராக நிற்பது வழக்கம். தன் அணித் தோழன் ஆட்டமிழந்ததைக் கண்டும் கை உயர்த்தாத நடுவரால் எத்தனை ஆட்டங்கள் கைகலப்பில் முடிந்தன என்பதை நாம் அறிவோம். ஊர்த் தெருவாரோடு நடக்கும் ஆட்டத்தில் எழும் சிறு வாய்ச்சண்டை, மாலைக்குள் இரு தெருக்களின் சண்டையாக மூண்டுவிடும் அபாயமும் உண்டு. அப்போது இழப்பு யாருக்கு என்பதைச் சொல்லத் தேவையில்லை. வழக்கும் வாய்தாவும் நம் பிள்ளைகளின் படிப்பையும் வேலையையும் பறிக்கும். ஆகவே நடுவராக நிற்கும் நம் இளைஞன் தன் அணிக்கு எதிரான தீர்ப்பையும் தயங்காது வழங்க வேண்டும். மட்டையில் உரசியது தனக்குத் தெரிந்தால், எவரும் கேட்கும் முன்னரே வெளியேற வேண்டும்.

இதனால் தோல்வி வரின் என் செய்வது என வினவலாம். 1980 பிப்ரவரியில் பம்பாயில் நடந்த பொன்விழா டெஸ்ட் ஆட்டத்தில், நடுவர் ஆட்டமிழந்ததாக அறிவித்த இங்கிலாந்து வீரர் பாப் டெய்லரின் மட்டையில் பந்து படவில்லை என நம்பிய இந்திய அணித்தலைவர் குண்டப்பா விசுவநாத், அவரைத் திரும்ப அழைத்தார். டெய்லர் நிலைத்து ஆடினார், இந்தியா தோற்றது. அந்த ஆட்டத்தின் ஓட்டக் கணக்கு இன்று பலருக்கு நினைவில் இல்லை. விசுவநாத்தின் செயலை எவரும் மறக்கவில்லை. ஆட்டத்தின் உணர்வு காக்கப்பட வேண்டும் என்று கிரிக்கெட் விதிநூலின் முகப்பில் எழுதிச் சேர்த்தது 2000-ஆம் ஆண்டில்தான். விசுவநாத் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்து காட்டினார்.

இனி நமக்குள்ளேயே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு. பாலுவிற்குத் தலைமை மறுத்தவர்களைக் குறை கூறும் நாம், நம் அணிகளில் தலைவரை எவ்வாறு தேர்கிறோம்? உறவினன் என்றோ, செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளை என்றோ, மட்டை வாங்கிக் கொடுத்தவர் மகன் என்றோ தேர்வதில்லையா? பந்து பொறுக்கிப் போடவே ஒரு சிறுவனை நிறுத்திவிட்டு, மாலை வரை அவன் கையில் மட்டை கொடாமல் வீட்டிற்கு அனுப்புவதில்லையா? புனாச் சங்கத்தின் வலையில் பாலு நின்ற இடத்தில்தான் அச்சிறுவன் நிற்கிறான். நம் பெண்மக்களுக்கோ அந்த இடமும் கிட்டுவதில்லை. ஆடும் ஆசையோடு வரப்போரம் நின்று பார்க்கும் பெண்பிள்ளையையும் களத்தில் இறக்குவது நம் கடமை.

இக்கேள்வி திடலோடு முடிவதன்று. உதவித்தொகைக்கு மாணவரைத் தேர்ந்தெடுக்கும் நம் சங்கத்திற்கும், பரிசு வழங்கும் நம் விழாக் குழுவிற்கும், பொறுப்பாளர்களை அமர்த்தும் நம் பொதுக்குழுவிற்கும் இது பொருந்தும். தகுதியுடையவன் எத்தெருவைச் சார்ந்தவனாயினும், எந்த உட்பிரிவைச் சார்ந்தவனாயினும் அவனுக்குரியது அவனைச் சேர வேண்டும். தம் கைக்கு வந்த பதவி வேறொருவருக்கு உரியது எனக் கண்டால், எம். டி. பையைப் போல் அவையில் எழுந்து சொல்லும் துணிவு நம் மூத்தவர்களுக்கு வர வேண்டும். தமக்கு உரியது மறுக்கப்பட்டால், சிவராமையும் விட்டலையும் போல் வெளிப்படையாகக் காரணம் கூறி நிற்கும் துணிவு நம் இளையவர்களுக்கு வர வேண்டும்.

நான்கு ரூபாய்ச் சம்பளத்திற்கு உருளை இழுத்த ஒருவர், அவ்வுருளை சமன் செய்த தரையில் மனிதர்களும் சமமாக நிற்க வேண்டும் எனத் தம் ஆட்டத்தால் வாதாடினார். அவ்வாதத்தைத் தொடர்ந்து நடத்தும் பொறுப்பு படித்த நம் தலைமுறையின் கையில் உள்ளது. வரும் ஆண்டுப் போட்டிகளில் நம் அணிகள் வெல்லட்டும். வென்றாலும் தோற்றாலும், நம்மோடு ஆடியவர்கள் மறுமுறையும் நம்மோடு ஆட விரும்பி வருமாறு நாம் நடந்துகொள்வோமாக.